ஐந்து சதவீத வேஸ்டேஜ்

கணக்குப் பேப்பரில் இரண்டாவது முறையும் கோட்டைவிட்டேன். தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும், எனக்கு முப்பத்தேழு. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பி.காம் கடைசி வருடம், மற்ற பேப்பரெல்லாம் முடித்தாயிற்று. தினமும் சாயங்காலம் கல்லூரி விட்டதும் நான் வேலைக்குப் போகும் பனியன் கம்பெனியில் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"டிகிரியோட வாங்க, ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் வேலை உங்களுக்குத்தானுங்க. அடுத்த தடவையும் போச்சுன்னா வேற ஆளப் போட்டுருவோம்."

திருத்தியவரை ஒரு கை பார்ப்பது என்று விடைத்தாள் நகலை வாங்கி, கணக்கு மேடத்தின் மேசையில் விரித்தேன். அவர் பொறுமையாகப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"ஏங் கண்ணு, எரநூத்தி நாப்பது கிலோன்னு சரியாத்தானே போட்டிருக்கே? அப்புறம் எதுக்குக் கீழ எரநூத்தி அம்பத்திரெண்டு?"

"வேஸ்டேஜுங்க மேடம். அஞ்சு பர்சன்ட் சேக்கோணுமில்லீங்க?"

"கேள்வியில கேட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க மேடம், நாமதான் சேக்கோணும். இல்லீன்னா பீஸ் பத்தாதுங்க."

உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று எங்கள் கல்லூரியில் சில கணக்குகளைத் துணியை வைத்தே கேட்பார்கள். அப்படி வந்த மூன்றிலும் விடை கண்டுபிடித்து, அதற்கு மேல் ஐந்து சதவீதம் கூட்டி வைத்திருந்தேன். மூன்றிலும் தலா ஒரு மார்க் போயிருந்தது. கட்டிங் செக்‌ஷனுக்கு எத்தனை கிலோ துணி வேண்டும் என்று தினமும் எழுதிக் கொடுப்பவள் நான். துணியில் ஓட்டை வரும், ஓரம் வெட்டில் போகும். அதைச் சேர்க்காமல் எழுத என் கைக்குத் தெரியாது. சண்டை போட வந்தவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே வைராக்கியம் வந்தது. கம்பெனியில் மிச்சமாகும் சார்ட் அட்டைகளின் பின்பக்கம் டீ டைமில் கணக்குப் போட்டேன். விடை வந்ததும் அதன் கீழே இரண்டு கோடு. கோட்டைத் தாண்டிப் பேனா இறங்கினால் அந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்பது எனக்கு நானே போட்ட தண்டனை. நாற்பதைக் குறிவைத்துப் படித்ததால்தானே முப்பத்தேழில் விழுந்தேன் என்று, இதுவரை தொடாமல் விட்ட வகையீட்டுப் பாடத்தையும் பிடித்துக்கொண்டேன். அது லேசில் பிடிபடவில்லை, நானும் விடவில்லை.

மூன்றாவது பரீட்சையிலும் கடைசிக் கேள்வி துணிதான். கிலோ வந்துவிட்டது. ஐந்து சதவீதம் கூட்டக் கை பரபரத்தது. இத்தனை குறைவாகத் துணி கேட்டால் கட்டிங் மாஸ்டர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கோடு போட்டேன். பேனாவை மூடிவிட்டேன்.

ரிசல்ட் வந்தபோது வகையீட்டில் பாதிதான் தேறியிருந்தது. ஆனாலும் மொத்தம் நாற்பத்திரண்டு! முதல் போன் மேடத்துக்குத்தான்.

"பாஸாக நாப்பது போதுமே கண்ணு," என்று அவர் சீண்டினார். "மேல ரெண்டு மார்க் எதுக்கு?"

"வேஸ்டேஜுங்க மேடம்."