நாய்க்குக் காது பார்க்கும் வகுப்பு

நான் வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்காத ஆள் கிடையாது. மடவார் வளாகம் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கையில் இருக்கும் பையைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பரீட்சையா?" என்று கேட்பார்கள். நான் டீச்சரும் இல்லை, ஐம்பது வயதைத் தாண்டிப் பட்டம் வாங்கப் போகிறவளும் இல்லை. மிருகவதைத் தடுப்பு ஆய்வாளர். இந்தப் பக்கத்தில் யாராவது மாட்டையோ நாயையோ வதைக்கிறார்கள் என்று புகார் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, வதைதானா இல்லையா என்று சொல்வது என் வேலை. அந்த வேலையில் தொடர வேண்டுமென்றால் வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தே தீர வேண்டும்.

"இத்தன வருசமா பாக்குற வேலைக்கு இன்னும் என்னத்தப் படிக்க?" என்பது என் வீட்டுக்காரர் தவறாமல் கேட்கும் கேள்வி. அவருடைய மில்லில் புது மெஷின் வந்தால் அவர் ஒரு வாரம் டிரெயினிங் போவார். அது படிப்பு, என்னுடையது பொழுதுபோக்கு. நான் விடுவேனா? "ஒங்க மெஷினு ரிப்பேர்னா சத்தம் போட்டு ஊரைக் கூட்டிரும். எங்கிட்ட வாறது அடிபட்டாலும் வாயை மூடிக்கிட்டு நிக்கும். அதுக்குப் படிக்கணும்" என்பேன். அத்தோடு அவர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

உண்மையிலேயே படிக்க நிறைய இருக்கிறது. கழுத்துக் காயத்தைப் பார்த்து அது புதுசா பழசா என்று சொல்ல வேண்டும். லாரியில் எத்தனை மாடு ஏற்றலாம் என்ற விதி மாறும். நாயைச் சுருக்குக் கம்பியால் பிடித்த காலம் போய் வலையால் பிடிக்கும் காலம் வந்துவிட்டது. போன வருஷம் சரி என்று சொல்லித் தந்ததை இந்த வருஷம் தப்பு என்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. சொன்னதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை இல்லை என்னுடையது.

சென்ற முறை வகுப்பு கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் முந்தின நாள் கட்டிய வாழைமரம் வாடிப்போய் நின்றது. ராஜபாளையத்தில் நாய் பிடிக்கும் வண்டி ஓட்டும் பாய் எனக்குப் பக்கத்து நாற்காலி. பாடம் எடுக்க வந்தது ஒரு கால்நடை மருத்துவர், என் மகள் வயதுதான் இருக்கும். அன்று மத்தியானப் பாடம், நாய்க்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது எப்படி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளை நாய்க்குப் பேர் போன ஊர்ப்பக்கம் வந்து இதைச் சொல்லித் தருவதா? எங்கள் பக்கத்து வெள்ளை வேட்டைநாயில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு. அதனால் குட்டி வாங்கப் போகிறவர்கள் குட்டிக்குப் பின்னால் போய் எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவார்கள். குட்டி திரும்பினால் காது சுத்தம், விலை பேசலாம். இதைத்தான் எழுந்து நின்று சொன்னேன். "டாக்டரம்மா, தட்டைப் போட்டா முடிஞ்சது. எங்க ஊர்ல நண்டு சிண்டுக்குக் கூட இது தெரியும்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. என்னை மேடைக்குக் கூப்பிட்டாள். மணமக்கள் உட்காரும் பலகை மேடை. செருப்பைக் கழற்றச் சொல்லி, காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் ஒரு துண்டையும் கட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. திடீரென்று உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது, விருட்டென்று திரும்பினேன். பின்னால் பாய் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் போட்டுவிட்டு நிற்கிறார். மண்டபமே சிரித்தது.

"காது கேட்டா திரும்புனீங்க?" என்றாள் டாக்டர். தரை வழியாகக் காலுக்குத் தெரியும், காற்று அடித்தால் மயிருக்குத் தெரியும், பத்துக் குட்டி ஒன்றாகக் கிடந்தால் செவிட்டுக் குட்டி மற்றதைப் பார்த்துத் திரும்பும் என்று விளக்கினாள். குட்டியைத் தனியாகப் பிரித்து, தரையிலிருந்து தூக்கி, மெத்தென்ற இடத்தில் வைத்து, அது பார்க்காத பக்கமாகச் சத்தம் கொடுக்க வேண்டுமாம். ஒற்றைக் காது செவிடு என்றால் அதுகூடப் போதாது, மெஷின் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பாய், "அக்கா, ஒங்களுக்குக் காது சுத்தம், வெல பேசலாம்" என்று கிண்டல் செய்துகொண்டே வந்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் அந்த வீடியோ வந்தது. மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. ராஜபாளையத்தில் ஒரு வீட்டு முற்றம். வெள்ளை நாய் ஒன்று சுருண்டு படுத்துத் தூங்குகிறது. ஒரு பெண் உலக்கையோடு வந்து அதன் தலைமாட்டில் ஓங்கிக் குத்துகிறாள். நாய் துள்ளி எழுகிறது. இரண்டு கையாலும் உலக்கையைத் தூக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. சாயங்காலத்துக்குள் வீடியோ ஊர் பூராவும் போய்விட்டது.

மறுநாள் காலையில் நான் போனபோது தெருவில் கூட்டம் நின்றது. ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்திருந்தார். பாயின் வண்டியும் வந்து நின்றது. "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மேடம், நாயை ஏத்திக் காப்பகத்துல விட்டுட்டு இந்தம்மா மேல கேஸைப் போட்டுருவோம்" என்றார் ஏட்டையா. வீடியோ எடுத்தவர் பக்கத்து மாடியில் குடியிருக்கும் வங்கி ஊழியர், கோயம்புத்தூர்க்காரர். "டெய்லி இதே சத்தம்தாங்க. கேட்டுட்டு சும்மா இருக்க முடியலைங்க" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இப்படி நாலு பேர் புகார் சொல்வதால்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை நடக்கிறது.

அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பேண்டேஜ் துணித் தறியில் வேலை, தனியாள். முற்றத்தில் நின்று என்னை நேராகப் பார்த்தாள். "ஆமா, அடிச்சேன். எழுதிக்கோங்க" என்றாள்.

எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன். அடித்தவன் எவனும் அடித்தேன் என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டான். நாய் கடிக்க வந்தது, பைத்தியம் பிடித்தது என்று ஆயிரம் கதை வரும். இவள் கதையே சொல்லவில்லை. நான் நாயிடம் போனேன். உடம்பு பூராவும் தடவிப் பார்த்தேன். ஒரு வீக்கம், ஒரு தழும்பு கிடையாது. நகம் வெட்டியிருந்தது, கழுத்துப் பட்டையில் இரண்டு விரல் நுழைந்தது, காதுக்குள் அழுக்கே இல்லை. பார்த்து முடித்ததும் அது நேரே போய் அந்த அம்மாவின் முழங்காலில் சாய்ந்து நின்று, அவள் முகத்தையே பார்த்தது. அடிவாங்கும் நாய் அடிக்கிறவள் காலில் சாயாது.

அந்தப் பார்வையில்தான் எனக்குப் பொறி தட்டியது. முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத நாய். ஏட்டையாவையும் கூட்டத்தையும் தெருவிலேயே நிறுத்தி, பாயை மட்டும் முற்றத்துக்குள் கூப்பிட்டு, உள்ளேயிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். அதன்மேல் மெத்தையை நாலாக மடித்துப் போட்டு நாயை ஏற்றினேன். எதிரில் அந்த அம்மாவை நிறுத்தினேன். பாய் சத்தமில்லாமல் பின்பக்கமாகப் போய் உலக்கையை ஓங்கித் தரையில் குத்தினார். எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை. விசில் அடித்தார், கதவைச் சாத்தினார், ஒன்றும் இல்லை. நாயைக் கீழே இறக்கி, அதே இடத்திலிருந்து மெதுவாக ஒரு குத்து. சட்டென்று திரும்பியது.

இந்தப் பெண் நாயை அடிக்கவில்லை. கூப்பிடுகிறாள். தூங்கும் செவிட்டு நாயைத் தொட்டு எழுப்பினால் மிரண்டு கடிக்கும் என்று, தொடாமல் தரையைத் தட்டி எழுப்புகிறாள். எந்த வகுப்பிலும் உட்காராமல் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போனேன். "ஏட்டி, அதுக்குக் காது கேக்காதுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒன்னைய யாரு என்ன சொல்லப்போறா? எதுக்கு அடிச்சேன்னு சொன்ன?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவாப் பேசுங்கக்கா. இது எங்கண்ணன் குடுத்த குட்டி. தளவாய்புரத்துல அவிய குட்டின்னா மெட்ராஸ்ல இருந்து காரு போட்டு வந்து வாங்கிட்டுப் போறாக. அவிய குட்டி செவிடுன்னு வெளிய தெரிஞ்சா பொறவு அந்த வாசப்படி ஏற ஆளு வருமா? என்னைய நாயடிச்சவன்னு சொல்லட்டும், பரவால்ல. அதைச் சொல்லிராதீங்க."

"அண்ணனுக்கே தெரியாதா?"

"தெரியாது. தட்டைப் போட்டுப் பாத்துதான் குடுத்தாக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் இப்படித்தான். பெற்ற பிள்ளையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வீட்டு நாயின் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. "இந்தா பாரு, நான் பொய் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கிட்டு இருந்தாலும் அது பொய்தான். செவிடுன்னு தெரியாம இதைக் காப்பகத்துல விட்டா என்ன ஆகும் தெரியுமா? பின்னால வாற நாய் தெரியாது, அதட்டுற ஆளு தெரியாது. மிரண்டு கடிக்கும், இல்ல கடிபட்டே சாகும். தரையைத் தட்டிக் கூப்பிட அங்க யாரு இருக்கா?"

அப்போதுதான் அவள் அழுதாள். நாயும் வேண்டும், அண்ணன் பேரும் கெடக் கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஏட்டையா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். அவரிடம் "செத்த நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அவளிடம், "ஒங்க அண்ணனைக் கூப்பிடு. சொல்லணுமா வேண்டாமான்னு அவரு சொல்லட்டும். சொல்லலைன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வீடியோவை அவரும் பார்த்திருப்பார் போல. வந்த வேகத்தில், "ஏட்டி, கைய ஓங்குறதுக்கா ஒங்கிட்ட குட்டியக் குடுத்தேன்?" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நான் ஒன்றும் விளக்கவில்லை. நாயைத் திரும்பக் கட்டிலில் ஏற்றி, "நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றேன். அவர் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கை மடித்து விசில் அடித்தார். கையைத் தட்டினார். நாய் எதிரில் நின்ற தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் கூப்பிட்டார். பிறகு நான் உலக்கையைக் காட்டி, அது எதற்கு என்றும், தட்டைப் போட்டுப் பார்ப்பது ஏன் ஏமாற்றும் என்றும் சொன்னேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதாட்டி?" என்றார்.

"எப்படிண்ணே சொல்ல? அம்புட்டு ஆசையாத் தந்த."

அவர் வாசலுக்கு நடந்தார். என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய், "வேண்டாம்ண்ணே" என்று சட்டையைப் பிடித்தாள். அவர் அவள் கையை எடுத்துவிட்டார். தெருவில் ஏட்டையா, வங்கிக்காரர், அக்கம்பக்கம் எல்லோரும் நின்றார்கள். பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார், கடைசி வீட்டுக்கும் கேட்கிற குரலில். "இந்த நாய்க்குக் காது கேக்காது. எங்க வீட்டுல பொறந்த குட்டி. தெரியாமக் குடுத்தது நான். எந்தங்கச்சி அதை அடிக்கல. தரையத் தட்டிக் கூப்பிடுதா. அவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

நான் ஏட்டையாவிடம் போய், "வதை இல்லை. நாய் இங்கதான் இருக்கும்" என்றேன். என் வேலையில் நான் சொன்ன வார்த்தைகளில் இதைப் போல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது வேறு இல்லை. வங்கிக்காரர் போனை எடுத்து, முகம் சிவக்க, வீடியோவை அழித்துக்கொண்டிருந்தார். அதை அழித்தால் மட்டும் போதாது, நடந்ததையும் எல்லோருக்கும் போடுங்கள் என்று சொன்னேன். போடுகிறேன் என்று தலையாட்டினார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். "மாமா, போன மாசம் ஒங்ககிட்ட ஒரு குட்டி வாங்கிட்டுப் போனேனே. அது?"

அந்தப் பெரிய மனிதரின் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவர் தங்கை இத்தனை நாள் பயந்தது இதற்குத்தான். ஆனால் அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"கொண்டுவாலே, பாப்போம். கேக்கலைன்னா ரூவாயத் திருப்பித் தாரேன், குட்டியையும் நானே வளக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தனியா, கட்டில்ல ஏத்தி வச்சுத்தான பாக்கணும் மேடம்?"

"ஆமா" என்றேன்.