பட்டினி வேஷம்

பஸ் டெப்போவின் பட்டறையில் கிழிந்துபோன இருக்கைகளுக்கு உறை தைப்பது அவருடைய வேலை. ஆனால் அந்த ஊரில் யாரிடமாவது 'இருக்கை தைக்கிறவர் வீடு எது?' என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். 'பட்டினியார் வீடு' என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். இத்தனைக்கும் மனிதர் சாப்பாட்டுப் பிரியர். மதிய மணி அடிக்கும் முன்பே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்குகிறவர்.

அந்தப் பெயர் மேடையில் வந்தது. டெப்போ ஊழியர்களின் நாடகக் குழு ஒரு பழைய நகைச்சுவை நாடகத்தை வருஷம் தவறாமல் போடும். அதில் ஒரு பெரிய மனிதர், வெள்ளை உடையும் வாடிய முகமுமாக ஒரு வியாபாரியின் வீட்டுக்குள் நுழைவார். "உங்க குடும்பத்துக்கு வரப்போற கஷ்டத்தை என் பட்டினியால தடுத்து நிறுத்தறேன்" என்பார். வியாபாரி உருகிப்போய்ச் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுத்துவிடுவார். வீட்டார் முதுகைத் திருப்பியதும் பெரிய மனிதர் அலமாரிக்குள் தலையை விட்டு மென்றுகொண்டிருப்பார். கடைசியில் அலமாரிக் கதவு தானாகத் திறந்து, தின்று போட்ட மிச்சமெல்லாம் கூடத்தில் கொட்டும். வீடே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தும். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த வேஷத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஒரு தடவை நாடகம் முடிந்ததும் ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, உண்மையிலேயே பட்டினி கிடக்கறவன் மாதிரியே இருக்கீங்களே, எப்படி?"

உறுப்பினர் தன்னை அண்ணே என்றதில் பட்டினியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க. உதட்டுல லேசா பவுடர். பேசறதுக்கு முன்னாடி மூச்சை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கணும். முக்கியமா, தண்ணி டம்ளரை வாங்கும்போது கை நடுங்கக் கூடாது. வாங்கிட்டு, குடிக்காம திருப்பிக் குடுக்கும்போதுதான் நடுங்கணும்."

"அடேயப்பா!" என்று உறுப்பினர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பட்டினியார் அன்றைக்கு வீட்டில் இதையே சொல்லிச் சொல்லி மனைவியின் காதைப் புளிக்க வைத்தார்.

பட்டினியாரின் அக்கா அடுத்த தெருவில் இருந்த சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. அந்தப் பகுதியில் பாதிப் பேர் அவள் கையால் முதல் குளியல் குளித்தவர்கள். பிறந்த குழந்தையை முன்கையில் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தேய்ப்பாள். தேய்க்கும்போதே, "இவன் தாய்மாமன் மூக்கு, பொழைச்சான் போ" என்று ஏதாவது சொல்லிப் பெற்றவளைச் சிரிக்க வைப்பாள். அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டு இடத்தை ஒரு வணிக வளாகத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் அவள் நடுங்கிப்போனாள்.

உறுப்பினர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். "என் உயிரைக் கொடுத்தாவது இந்தத் தொட்டில்களைக் காப்பாத்துவேன்" என்றார். கூட்டம் அலைமோதியது.

வேலை முடிந்து பட்டினியாரும் போய் நின்றார். ஒரு பெண் தண்ணீரை நீட்டினாள். உறுப்பினர் நிதானமாக வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். குடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். கை நடுங்கியது. கூட்டத்தில் பெண்கள் விம்மினார்கள். பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டினியார் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அக்கா, இது நடிப்புக்கா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"வாயை மூடுடா. வேஷம் கட்டிக் கட்டி உனக்கு எல்லாரும் வேஷக்காரங்களாத் தெரியறாங்க."

"உதட்டைப் பாரு, பவுடர்!"

"மனுஷன் காஞ்சு போய்க் கிடக்கறான், பவுடராம் பவுடர்!"

பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். மேடையில் அவர் அலமாரிக்குள் தலையை விடும்போது சின்னப் பிள்ளைகள் வியாபாரியைப் பார்த்து "திரும்பிப் பாரு, திரும்பிப் பாரு!" என்று கத்துவது வழக்கம். இப்போது அவரே அப்படிக் கத்த வேண்டியிருந்தது. திரும்பத்தான் யாரும் இல்லை.

அவர் விடவில்லை. உறுப்பினர் மதியத்தில் 'டாக்டர் பரிசோதனை' என்று பந்தலுக்குப் பின்னால் நின்ற வேனுக்குப் போய் வருவதைக் கவனித்து வைத்திருந்தார். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரியின் சலவை அறைக்கு இழுத்துப் போனார். அதன் ஜன்னலை ஒட்டித்தான் வேன் நின்றது. வேனின் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது.

உள்ளே உறுப்பினர் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தார். வாய் நிறைய வைத்துக்கொண்டே போனில் பேசினார். "இடம் எங்கயும் ஓடிப் போயிடாது. சனங்க நாலு நாள் அழுது முடிக்கட்டும். அப்புறம் என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லிக்கலாம்."

பட்டினியார் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நாடகத்தில் இந்த இடத்தில்தான் துடைப்பம் வரும்.

அக்கா மடித்த துணிகளை மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு சொன்னாள். "பசிச்சிருக்கும். பாவம், சாப்பிடட்டும்."

"போன்ல பேசினது?"

"அது அரசியல் பேச்சு. நமக்கு என்னடா புரியும்? யாருகிட்டயும் போய் உளறி வைக்காதே."

அவர் உளறத்தான் செய்தார். டீக்கடையில் சொன்னார். "பட்டினியாருக்குப் போட்டி வந்துடுச்சு, பொறாமை!" என்று சிரித்தார்கள். அவருடைய மகன்கூட, "அப்பா, அவர் சாப்பிட்டா என்ன, சாப்பிடலைன்னா என்ன? நமக்காக உட்கார்ந்திருக்காரில்ல?" என்றான். நாடகக் குழுவை நடத்திய டெப்போ நேரக் கணக்கரோ, "மண்டபம் அவர் தயவுலதான் நமக்குக் கிடைக்குது, ஞாபகம் வெச்சுக்கோ" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உண்ணாவிரதம் பழச்சாற்றோடு முடிந்தது. ஆஸ்பத்திரி பூட்டப்பட்டது. "சண்டை போட்டுத் தோத்தேன்" என்று உறுப்பினர் மைக்கில் குரல் உடைந்து சொன்னார். அடுத்த தேர்தலில் முன்னைவிட அதிக வாக்கு வாங்கி அமைச்சரானார். அக்காவை ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே அவளுக்குக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் வேலை இல்லை. தரை துடைக்கும் வேலை.

ஆஸ்பத்திரியைக் காலி செய்த அன்று தொட்டில்களை லாரியில் ஏற்ற அவளுக்கு உதவப் போயிருந்தார் பட்டினியார். மனது பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"அன்னிக்கே சொன்னேனே, ஏன்க்கா நம்பல?"

"யாருடா நம்பல? ஜன்னல் வழியா உன்கூடத்தானே பார்த்தேன்." அவள் ஒரு தொட்டிலின் கால் கழன்று விழாமல் கயிற்றால் கட்டிக்கொண்டே பேசினாள். "அவனையும் நம்பலன்னா அன்னிக்கு வேற யாரைடா நம்பறது? நீ வந்து உட்கார்ந்து மூடாம நிறுத்தியிருப்பியா?"

அவர் அடுத்த தொட்டிலைத் தூக்கி லாரியில் வைத்தார்.

அமைச்சருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அதே நாடகத்தைப் போடும்படி அமைச்சரே சொல்லி அனுப்பியிருந்தார். பட்டினியார் மறுக்கவில்லை. தையல் இயந்திரத்தில் காலை மிதித்துக்கொண்டே ஒரு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது. சாவிக்கொத்தை வாங்கும் கட்டத்தில் அவர் நாடகத்தின் வசனத்தை விட்டுவிட்டார். அமைச்சரின் குரலிலேயே, மூச்சைப் பிடித்து நிறுத்தி, "என் உயிரைக் கொடுத்தாவது இந்தத் தொட்டில்களைக் காப்பாத்துவேன்" என்றார். வியாபாரி வேஷத்தில் இருந்த நேரக் கணக்கருக்கு ரத்தம் சுண்டிப்போயிற்று. பட்டினியார் நிறுத்தவில்லை. அலமாரிக்குள்ளிருந்து முட்டையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு, "சனங்க நாலு நாள் அழுது முடிக்கட்டும்" என்றார்.

எல்லாக் கண்ணும் முன்வரிசைக்குப் போயின. அமைச்சர் தலையைப் பின்னால் சாய்த்துக் கடகடவென்று சிரித்தார். அவ்வளவுதான், மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மேடையில் நின்றவருக்கு முட்டை புரையேறியது. அதற்கும் சிரித்தார்கள்.

முடிந்ததும் அமைச்சர் மேடையேறி அவரைக் கட்டிப்பிடித்தார். "என்னை மாதிரியே பேசிட்டீங்களே அண்ணே! சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு." மைக்கைப் பிடித்து, "விமர்சனத்தை ரசிக்கத் தெரியாதவன் தலைவனே இல்லை" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தால் அக்கா உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் நின்றே வந்து கால் வீங்கிப் போயிருந்தது. அவருடைய மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்திருந்தாள்.

"எப்படிடா இருந்துச்சு?"

"சிரிச்சாங்க."

"அவனுமா?"

"அவன்தான் முதல்ல."

அக்கா வெந்நீருக்குள் காலை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.

"வர்ற மாசம் பக்கத்து ஊர்லயும் போடணுமாம். நான் இன்னிக்குப் பேசினதையும் அப்படியே வெச்சுக்கச் சொல்லிட்டாரு" என்றார் அவர்.

"போவியா?"

"போகலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி தட்டு வைப்பதைப் பார்த்துக் கை கழுவ எழுந்தார்.