நாற்காலியில் ஓடிய பஸ்

தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்ட புதிதில், கண்டக்டர்களில் சிலரைப் பொறுக்கி செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆக்குவதற்குக் காரைக்குடி டிப்போவில் பயிற்சி வைத்தார்கள். நானும் போனேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பெஞ்சில் உட்கார்ந்தே வருஷக்கணக்காகியிருந்தது. பக்கத்தில் இருந்தவர், "நின்னு பொழைச்ச காலுக மாமா, உக்காந்தா மரத்துப்போகுது" என்றார். அவரும் கண்டக்டர்தான், என்னைவிட இளையவர். உறவு ஒன்றும் கிடையாது; திருப்பத்தூர் ரூட்டில் பழகிய பழக்கத்தில் மாமனும் மாப்பிள்ளையும் ஆகிவிட்டோம்.

மதராஸிலிருந்து வந்த அதிகாரி, தலைமைப் பண்பு என்று போர்டில் எழுதிவிட்டு நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போடச் சொன்னார். அதுதான் பஸ். மாப்பிள்ளை கண்டக்டர், நான் செக்கிங், மற்றவர்கள் பயணிகள். அதில் ஒருவரிடம் டிக்கெட் இருக்காது; நான் கண்டுபிடித்துக் கண்டக்டர் மேல் ரிப்போர்ட் எழுத வேண்டும்.

கண்டுபிடித்தேன். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தபடி, கீழச்சிவல்பட்டியில் கல்யாணக் கூட்டம் ஏறியது, கவனிக்கவில்லை என்றார். அந்தக் கூட்டம் எனக்குத் தெரியாததா? "சரி விடுங்க மாப்ள, இனிமே பாத்துக்கங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வகுப்பே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. நாளைக்கு இன்னொரு தடவை செய்யுங்கள், அதிலும் விட்டால் உங்களைச் சிபாரிசு செய்ய முடியாது என்றார்.

டீக்கடையில் மாப்பிள்ளை என்னைத் திட்டித் தீர்த்தார். வெறும் நடிப்பிலேயே எழுத வராதவர் ரோட்டில் என்ன கிழிக்கப்போகிறீர்கள், எனக்காகப் பார்த்து, வருகிற உத்தியோகத்தைத் தொலைக்காதீர்கள் என்றார். எனக்கு யோசனையாகிவிட்டது. எல்லாரையும் அனுசரித்துப் போனதில்தான் அந்த ரூட்டில் நல்ல பேர் எடுத்திருந்தேன். அதையே விடச் சொன்னால் என்னிடம் மிச்சம் என்ன?

மறுநாள் அதே நாற்காலிகள், அதே கேள்வி. மாப்பிள்ளையும் சும்மா விடவில்லை. ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கிறது, இன்னொன்று வந்தால் வேலைக்கே ஆபத்து, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்று கெஞ்சினார். அத்தனையும் நிஜம். நான் நிமிராமல் எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டேன். போட்டார். அதிகாரி என் முதுகில் தட்டி, இப்போதுதான் நீங்கள் இன்ஸ்பெக்டர் என்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கேட்டார்: "நெசமாவே ரோட்டுல நான் மாட்டுனாலும் எழுதிருவீகளா?"

"எழுதுவேன் மாப்ள."

"என் மூஞ்சியப் பாத்துக்கிட்டா?"

"பாத்தா எழுத முடியாது."

பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்தே நடந்தோம். திருப்பத்தூர் பஸ் நின்றது. நீங்கள் ஏறுங்கள், எனக்கு ஒரு ஜோலி இருக்கிறது, அடுத்ததில் வருகிறேன் என்று கடைத்தெருப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஏறினேன். அந்த பஸ் கண்டக்டருக்கு அதற்குள் சேதி போயிருந்தது. என்னைக் கண்டதும் பீடியை வெளியே எறிந்துவிட்டு, முன்னாலிருந்து ஒவ்வொருவராக, டிக்கெட் வாங்கியாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.