கிண்ணத்தின் அடியில் ஒரு வரி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மர மில்லில் தூள் அள்ளினேன், பிறகு அறுத்தேன், பிறகு கடைந்தேன். இன்று கோபாலபுரம் போகிற வழியில் இருக்கும் தென்னந்தோப்பும், அதற்குள் தகரக் கொட்டகையும், கொட்டகையில் ஓடும் கடைசல் மெஷின்களும் இந்தக் கையால் வந்தவை. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் கடைசல் சங்கம் மாதம் ஒரு ஞாயிறு அந்தக் கொட்டகையில் கூடும். ஏழு பேர். ஒரே மரத்தில் ஆளுக்கொரு துண்டு எடுத்துக் கிண்ணம் கடைவோம். மூலையில் ஒரு புளியவேர் முண்டு ஆறு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கடைவது யார் என்று முடிவு செய்ய இந்த வருஷம் ஒரு போட்டி வைத்தோம். அது எனக்குத்தான் என்று நான் ஆறு வருஷமாக நினைத்திருந்தேன்.

சங்கத்தில் நடுவில் வந்து சேர்ந்தவர் மளிகைக்கடை பாய். இரண்டு வருஷத்துக்கு முன்பு, உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று என்னிடம் கேட்டவர். இப்போது அவருடைய கிண்ணத்தைக் கையில் வாங்கியவர்கள் கீழே வைக்க மறந்து பேசிக்கொண்டிருப்பார்கள். என்னுடையதை, "நல்லா இருக்குதுங்ணா" என்று சொல்லி உடனே வைத்துவிடுவார்கள். என் வீட்டு அடுப்படியில் கல்லுப்பு இருப்பதும் பாய் கொடுத்த கிண்ணத்தில்தான். நான் கடைந்தவை பரண்மேல் கிடக்கின்றன. அந்த உப்பை எடுத்துப் போட்ட குழம்பு எனக்கு ஒருநாளும் ருசித்ததில்லை.

போட்டிக்கு ஒரு முறை வைத்திருந்தோம். எல்லோரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். என் மனைவி கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கையில் தருவாள். தடவிப் பார்த்து, பிடித்ததில் கையிலிருக்கும் ஒரே புளியங்கொட்டையைப் போட வேண்டும். தன்னுடையதில் போடக்கூடாது.

நான் என்னுடையதிலேயே போடுவதென்றுதான் உட்கார்ந்திருந்தேன். என் கிண்ணத்தின் அடியில் நகம் மட்டும் உணரும்படி ஒரு வரி இழுத்திருப்பேன். அது என் வழக்கம். வேறு யாரும் செய்வதில்லை. மூன்றாவதாக வந்த கிண்ணத்தில் நகம் வரியில் விழுந்தது. கொட்டையைப் போட்டேன். ஐந்தாவதாக வந்ததிலும் அதே வரி.

துண்டுக்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கண்ணை அவிழ்த்தபோது பாய் ஒரே ஒரு கொட்டையில் என்னை முந்தியிருந்தார். மூன்றாவது கிண்ணம் அவருடையது.

"அடியில வரி எதுக்குங்க பாய்?" என்று கேட்டேன். குரலை நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன்.

"உங்க கிண்ணத்தைப் பாத்துத்தானுங்ணா போட்டேன். அது இல்லீன்னா மொட்டையாத் தெரியுது."

அப்போது ஒருத்தர் என் மனைவியைப் பார்த்து, "நீங்க பாத்தீங்களே, அண்ணன் யாருக்குப் போட்டாரு?" என்றார்.

"பாய்க்குத்தானுங்க" என்றாள்.

கொட்டகையே கைதட்டியது. இப்பேர்ப்பட்ட பெரிய மனசா என்றார்கள். பாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிடுங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "ஏனுங்க, உங்குளுதுன்னு நெனச்சுத்தானே போட்டீங்க?"

"சும்மா இரு."

"நான் சும்மாத்தானுங்க இருந்தேன். இல்லீன்னா அங்கயே சொல்லியிருப்பனே."

அடுத்த மாதம் பாய் புளிய முண்டை என் மெஷினிலேயே ஏற்றினார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தேங்காய் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் தோப்புக்குள் போய்விட்டேன். உளி மரத்தில் படும் சத்தம் அங்கேயும் கேட்டது. எங்கேயும் தடுக்காத, ஒரே சீரான சத்தம். ஒரு தடவையாவது தடுக்கும் என்று மெஷின் நிற்கிறவரை நின்று கேட்டேன்.