நண்டு இல்லாத ரசம்

கல்வராயன் மலையில் அருவிக்குப் போகிற பாதையில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சமைப்பது நான், பரிமாறுவதும் பேசுவதும் என் வீட்டுக்காரர். அடுப்பை நான் பிடிவாதமாகச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். சாப்பிட வருகிறவர்களுக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும். யாராவது "நல்லா இருக்குதும்மா" என்று பாராட்டினால்கூட ரசத்தைப் பார்த்தே தலையாட்டுவேன். கடை நடத்த வந்தவளுக்கு இது நல்ல குணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கீழே மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த எங்களை மலையில் நிற்க வைத்தது நண்டு ரசம். ஓடை நண்டை இடித்துப் பிழிந்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு நான் வைப்பேன். யாரோ அதைப் போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அதிலும் என் முதுகுதான். அதற்குப் பிறகு அருவியில் குளிக்க வந்த கூட்டத்தில் பாதி, குளித்த ஈரத்தோடு நண்டு கேட்டு வந்து நின்றது. என் கைமணம் என்று நினைத்துக் கொஞ்சம் கர்வப்பட்டேன். கர்வத்தையும் சுவரைப் பார்த்தபடிதான் பட்டேன்.

நண்டு பிடித்துக்கொடுப்பவர் பக்கத்து மலையூர்க்காரர். முதலில் வாளி நிறையக் கொண்டுவந்தார். போன மழைக்கு வாளியின் அடி மறைகிற அளவுதான் வந்தது.

"கல்லைப் பொரட்டிப் பொரட்டி கை தேஞ்சுபோச்சுங்க. பெருசு கம்மி ஆயிட்ச்சு. கெடைச்சது இதாங்க" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மழை நின்று அருவி நன்றாக விழுந்த நாள். நான்கு மேசையும் நிரம்பியிருந்தது. ஒரு நண்டின் வயிற்று மடிப்பைத் திறந்தேன். உள்ளிருந்து கேழ்வரகு கொட்டியதுபோல் ஏதோ கொட்டியது. கொட்டியது நடக்க ஆரம்பித்தது. எல்லாம் குட்டிகள், ஒவ்வொன்றுக்கும் முழுசாய்க் கால்கள். அடுப்புத் திண்டில் நாலா பக்கமும் கிளம்பிவிட்டன. நான் ஈர விரலால் ஒவ்வொன்றாக ஒட்டியெடுத்துச் சொம்பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க? கடைசி மேசை ரசம் கேக்குது" என்றார் வீட்டுக்காரர்.

"குட்டிங்க நடக்குதுங்க."

"நடந்தா நடக்கட்டும். ரசத்துல நடக்காம பாத்துக்க."

நான் தாயையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடைக்குப் போய்விட்டேன், நிரம்பிய கடையை விட்டுவிட்டு. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டு அங்கே நின்றபோது எனக்கு வந்தது வியாபார யோசனை. தண்ணீர் இருக்கும்போதுதான் ஜனம் வருகிறது. தண்ணீர் இருக்கும்போதுதான் நண்டும் குட்டி சுமக்கிறது. இதை இன்றைக்கு இடித்துவிட்டால் அடுத்த வருஷம் எதை இடிப்பேன்? கடையை ஆரம்பித்த அன்றே வந்திருக்க வேண்டிய யோசனை. எனக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும்.

கடைக்குத் திரும்பி, மழை முடியும்வரை நண்டு வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போர்டுல நண்டுதான பெருசா போட்டுக்கீது? திரும்பக் கரும்பு வெட்டப் போலாம்னு முடிவே பண்ணிட்டியா?" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அடுத்த வாரமே பக்கத்துக் கடைக்காரர், தன் கடையில் நண்டு கிடைக்கும் என்று புதிதாக எழுதிவைத்தார். எங்கள் கூட்டம் அங்கே நகர்ந்தது. நான் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் அதே மிளகு பூண்டைத் தட்டிப்போட்டு ரசம் வைத்தேன். வீட்டுக்காரர் என்ன ரசம் என்று சொல்லாமல் டம்ளரை நீட்டிவிட்டு வந்துவிடுவார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த ஒருவர் கண்ணை மூடி ருசித்து மூன்று டம்ளர் குடித்துவிட்டு, மனைவியிடம், "மலை நண்டுன்னா மலை நண்டுதான். கீழ இன்னா காசு குடுத்தாலும் இந்த ருசி வராது" என்றார்.

கொள்ளு மணலூர்பேட்டையிலிருந்து வந்தது. வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம், எனக்கு அதில்தான் பழக்கம் அதிகம். ஆனால் இவர் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்வார், அவர்களும் நண்டு கேட்டு வருவார்கள். கரண்டியோடு திரும்பினேன்.

"அதுல நண்டு இல்லீங்க. கொள்ளுங்க. நண்டெல்லாம் குட்டியோட இருக்குதுங்க, மழை முடியட்டும்னு வுட்டு வச்சிருக்கோமுங்க."

மூச்சு விடாமல் சொன்னதில் இருமல் வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் மனைவிதான், "கொள்ளுக்கா இவ்ளோ நேரம் கண்ணை மூடிக்கினு இருந்த?" என்று சிரித்தார். அவர் நாலாவது டம்ளர் கேட்கவில்லை. அந்த அம்மா தனக்கு ஒன்று கேட்டார்.

அன்றே போர்டில் கொள்ளு ரசம் என்று எழுதவைத்தேன். கூட்டம் முன்போல இல்லை. ஆனால் அடுப்பு அணையவில்லை.

மழை முடிவதற்குள் பக்கத்துக் கடைக்கு வருகிற வாளியும் காலியாகிவிட்டது. அந்தக் கடைக்காரர் எங்கள் பின்வாசலில் வந்து நின்றார்.

"யக்கா, அந்தக் கொள்ளு ரசம் எப்பிடி வெக்கிறீங்க?"

வீட்டுக்காரர் உள்ளிருந்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். மறுப்பதற்கும் தைரியம் வேண்டுமே, சொல்லிக்கொடுத்துவிட்டேன். பிறகுதான் பேரம் பேசவேண்டும் என்று தோன்றியது. "மழைக் காலத்துல நண்டு வாங்கக்கூடாதுங்க, ரெண்டு கடையும்" என்றேன்.

"இருந்தாத்தான வாங்குறதுக்கு" என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

இந்த வருஷ மழைக்கு ஓடையில் கல் இடுக்கில் ஒன்றிரண்டு நண்டு தெரிகிறது. எனக்குப் பக்கத்துக் கடைக்காரர்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காலையில் அடுப்பு மூட்டுமுன் அவர் குப்பைக்கூடையில் நண்டு ஓடு கிடக்கிறதா என்று எட்டிப்பார்ப்பேன். நேற்று நான் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பினால், அவர் எங்கள் குப்பைக்கூடைமேல் குனிந்திருந்தார்.

"மழை நல்லா புடிச்சுக்கிச்சு இல்ல?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.