சீட் அக்கா பார்த்துச் சொன்ன இரண்டு கார்கள்

சீட் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் பழைய கார் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர், அவள் ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்துச் சொல்லாமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள்.

அவள் தொழில் காருக்கு சீட் கவர் தைப்பது. பழைய சாமான் கடைகளும் பெயின்ட் பட்டறைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெருவில், ஷட்டர் போட்ட ஒற்றை அறை. உள்ளே இரண்டு தையல் மெஷின்கள், சுவரோரம் சாய்த்து வைத்த ரெக்சின் சுருள்கள், கூரை வரைக்கும் பஞ்சு மூட்டைகள். பத்தொன்பது வயதில், சட்டைக் காலர் தைக்கும் கம்பெனியை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தாள். காலர் என்றால் நாளைக்கு முந்நூறு, எல்லாம் ஒரே அளவு. இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வோர் உடம்பு, அதுதான் பிடித்தது என்பாள். முதலாளி அளவெடுப்பார், வெட்டுவார், வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள்.

பழைய உறையை உரிப்பதும் அவள் வேலைதான். உரித்தால் என்னென்னவோ கிடைக்கும். சில்லறைக் காசு, தொலைந்த பேனா, ஒருமுறை ஒரு பல்செட். ஆனால் அவள் கண் போனது பஞ்சின் மேல். எங்கே அமுங்கியிருக்கிறது, எந்த ஓரம் நைந்திருக்கிறது, எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒரு வண்டி எவ்வளவு ஓடியிருக்கும் என்பது அவள் கைக்கே தெரிய ஆரம்பித்தது.

ஏழாவது வருடம் ஒரு மருந்துக்கடைக்காரர், தான் அப்போதுதான் வாங்கிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மீட்டரில் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு மாளவில்லை. அக்கா டிரைவர் சீட்டின் உறையை உரித்தாள். பஞ்சு அட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. சந்தேகம் வந்து கால்மிதியைத் தூக்கினாள். ஆக்சிலரேட்டருக்குக் கீழே, குதிகால் ஊன்றும் இடத்தில், விரிப்பு நைந்து தகரம் எட்டிப் பார்த்தது.

"சார், இந்த இடத்துல ஒரு குதிகால் பத்து வருஷமா குடியிருந்திருக்கு. முப்பத்தாறாயிரத்துக்கெல்லாம் இப்படித் தேயாது."

தைக்க வந்தவள் தைத்தால் போதாதா என்று அவர் முகம் சுளித்துக்கொண்டு போனார். ஆனால் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், முன்பு அந்த வண்டியைக் கவனித்த பட்டறையைத் தேடிப் பிடித்துப் பழைய சர்வீஸ் ரசீதைக் கண்டெடுத்தார். அதில் மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். விற்ற தரகன் மீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறான். ரசீதை நீட்டியதும் அவன் மறுபேச்சில்லாமல் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டான். அதன்பிறகு அந்த மருந்துக்கடையில் யார் இருமல் மருந்து வாங்கினாலும் கூடவே இந்தக் கதையும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலில் கார்கள் வரிசைகட்டின. முதலாளி ஒரு வாரம் முறைத்துப் பார்த்தார். அடுத்த வாரம், காத்திருப்பவர்களுக்கு இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டார்.

அவளும் ஒருமுறை சறுக்கினாள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கொண்டுவந்த கார், மிகக் குறைவாக ஓடியது. சீட் புதுசு மாதிரி துள்ளியது. தைரியமாக வாங்குங்கள் என்றாள். மூன்றாவது மாதம் அது நடுரோட்டில் ரப்பர் குழாய் வெடித்து ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனாள். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் அண்ணனிடம் போய், கம்மியா ஓடின வண்டி எப்படி அண்ணே கெட்டுப்போகும் என்று கேட்டாள். ஓடாமலே நின்றால் ரப்பர் காய்ந்துபோகும், எண்ணெய் கெட்டுப்போகும், பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அன்றிலிருந்து அவரைக் கேட்காமல் அவள் எந்த வண்டிக்கும் தலையாட்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவள் நாத்தனாருக்குக் கார் ஆசை வந்தது.

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. கணக்கு டீச்சர். அதே வீட்டில் மாடி அறையில் இருப்பவள். வீட்டிலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான், அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். நாற்பத்து மூன்று வயதில் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் தொங்க முடியாது என்று டிரைவிங் கற்றுக்கொண்டு, மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினாள். அண்ணன் பஸ் டிரைவர் என்பதால் முதல் இரண்டு தோல்விகளையும் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

அவளே ஒரு காரையும் பார்த்து வைத்திருந்தாள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவருடையது. பன்னிரண்டு வருடத்தில் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். வெள்ளை நிறம். துடைத்துத் துடைத்து, முகம் பார்க்கலாம் போல இருந்தது.

"வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் ஓடினா நார்மல், அண்ணி. அந்தக் கணக்குப்படி பார்த்தா இதுக்கு ரெண்டு வயசுகூட ஆகல" என்றாள் டீச்சர். ஒப்புக்குத்தான் அண்ணியை அழைத்துப் போனாள்.

மேலாளரும் அவர் மனைவியும் டீ கொடுத்து உபசரித்தார்கள். அக்கா சீட்டில் உட்கார்ந்தாள். பஞ்சு எழும்பித் தாங்கியது. பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பரில் வரிவரியாகக் கோடுகள் அப்படியே இருந்தன. மீட்டரில் பொய் இல்லை, மேலாளர் நேர்மையான மனிதர். பிறகு அவள் கீழே இறங்கிக் குனிந்தாள். டயர் பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நான்கு எண்கள் இருக்கும். நாலு டயருக்கும் பன்னிரண்டு வயது. மேலே புதுசு, ஓரமெல்லாம் முடி முடியாக வெடிப்பு. பானெட்டைத் திறந்து குழாயை அழுத்தினாள். குச்சி மாதிரி இருந்தது. மூலையில் ஒரு எலி, பின்சீட்டுப் பஞ்சையே எடுத்துவந்து வீடு கட்டியிருந்தது.

எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாள். மாதத்துக்கு ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவேன், வெளியே எடுத்தால் அழுக்காகும் என்றார் மேலாளர்.

அவர் சொன்ன விலைக்கு இது வேண்டாம், ரப்பர் சாமான் எல்லாம் மாற்ற இன்னொரு செலவு இருக்கிறது என்று அக்கா டீச்சரிடம் தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் மேலாளர் காதில் விழுந்து, அவர் டீ டம்ளர்களைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் டீச்சர் சொன்னாள். "ஒரே ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டேன், அண்ணி. அதுலயும் எலி இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்க."

பத்து நாள் மாடியிலிருந்து காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். உப்பு வேண்டும் என்றாலும் தங்கை அவர் வழியாகக் கேட்டாள், இருக்கிற இடத்தை மனைவி அவர் வழியாகச் சொன்னாள். பஸ்ஸில் எண்பது பேரை ஏற்றிக்கொண்டு போவது இதைவிடச் சுலபம் என்று டிப்போவில் புலம்பினாராம்.

அந்தப் பத்தாம் நாள்தான் லிஃப்ட்காரர் கடைக்கு வந்தார். ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுது பார்ப்பவர். காரை விற்க வேண்டும், டிரைவர் சீட் மட்டும் அமுங்கிக் கிடக்கிறது, பார்வைக்காவது நன்றாக இருக்கட்டும், தைத்துக் கொடுங்கள் என்றார். ஐந்து வருடத்தில் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர். வருகிறவர்கள் எல்லாம் மீட்டரைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், சிரிப்பில் சலிப்பு இருந்தது.

அக்கா உறையை உரித்தாள். நடுப்பஞ்சு உட்கார்ந்து போயிருந்தது, சரி. ஆனால் கதவோரத்து விளிம்பு முழுசாக இருந்தது. டவுனுக்குள் ஓடும் வண்டியில் முதலில் நைவது அந்த ஓரம்தான். நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினால் அது தாங்காது. இங்கே மனிதர் காலையில் ஏறி, மணிக்கணக்கில் ஓட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் இறங்கியிருக்கிறார். ஆக்சிலரேட்டர் மிதி வழவழவென்று தேய்ந்திருந்தது. கிளட்ச் மிதியில் கோடுகள் பாதிக்கு மேல் மிச்சம், கியரை அடிக்கடி மாற்றாத ஓட்டம். பின்சீட்டில் யாருமே உட்கார்ந்ததில்லை. டாஷ்போர்டு பெட்டியில் ஒரு நோட்டு இருந்தது. எந்தத் தேதியில் எத்தனையாவது கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினார், எந்த ஊரில் பிரேக் பார்த்தார், எல்லாம் அவர் கையெழுத்தில்.

"எல்லாம் ஹைவே ஓட்டமா?"

"ஆமாங்க. ரோட்டுல நின்னா வேலை நடக்காது. அதனால இத நிக்கவே விட்டதில்ல."

அக்கா கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் எஞ்சினின் அழுத்தத்தை அளந்து பார்த்தார், கீழே படுத்து ஒழுகல் தேடினார், துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். எஞ்சின் ஆரோக்கியம். ஆனால் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் உடனே மாற்ற வேண்டும், கிளட்ச் இன்னும் ஒன்றிரண்டு வருடம் தாங்கும். இத்தனை ஓடியதற்கு இதுகூட இல்லாமல் எப்படி என்றார்.

அன்று மாலை அக்கா மாடிப்படி ஏறினாள். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அக்கா விஷயத்தைச் சொன்னதும், நிமிராமலே சிவப்புப் பேனாவால் ஓரத்தில் ஒரு வகுத்தல் போட்டாள்.

"ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர். இது கார் இல்ல அண்ணி, ரயில்."

"ரயில்னா நல்லதுதானே. நேரத்துக்குப் போய்ச் சேருவே."

டீச்சர் சிரித்துவிட்டாள். பத்து நாள் வைராக்கியம் அத்துடன் போயிற்று. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஐந்து வயதுக் காருக்கு வழக்கமாகச் சொல்லும் விலை, அதிக ஓட்டத்துக்காகக் குறைவது, பெல்ட்டும் ஷாக் அப்சார்பரும் மாற்றும் செலவு. எல்லாம் கூட்டியும் மேலாளர் வண்டியைவிடக் குறைவாகவே வந்தது. டீச்சர் மூன்று முறை சரிபார்த்தாள். எலி இருக்கா என்று ஒருமுறை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். டீச்சர் ஸ்டீயரிங்கில், மெக்கானிக் அண்ணன் பக்கத்தில், பின்சீட்டில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சத்தம் கேட்டபடி. லிஃப்ட்காரர் தெருமுனையில் நின்றுகொண்டார். டீச்சர் இரண்டு முறை வண்டியை அணைத்துவிட்டுத்தான் கிளப்பினாள். பள்ளம் வரும்போதெல்லாம் பின்பக்கம் துள்ளியது. இதுதான் ஷாக் அப்சார்பர் என்று மெக்கானிக் அண்ணன் விரல் உயர்த்தினார். பிறகு மேம்பாலம் வந்தது. வண்டி முனகாமல், திணறாமல் ஏறியது. உச்சியில் காற்று உள்ளே அடித்தபோது டீச்சர் கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தாள், அவ்வளவுதான். அப்படி மலர்ந்த அந்த முகத்தை அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை.

விலை படிந்தது. லிஃப்ட்காரர் சாவியோடு நோட்டையும் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, நல்லா பார்த்துக்கோங்க என்று எழுதினார். சீட்டை அக்கா தானே புதுப் பஞ்சு வைத்து, டீச்சர் குள்ளம் என்பதால் இரண்டு விரல் உயர்த்தித் தைத்தாள்.

ஒரு மாதம் கழித்து வங்கி மேலாளர் கடைக்கு வந்தார். வண்டி விற்கவில்லையாம். என்ன செய்யலாம் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஸ்டீயரிங் உறை விலை விசாரித்தார். அக்கா நேராகவே சொன்னாள், டயரையும் குழாயையும் மாத்திட்டு நீங்களே ஓட்டுங்க சார், அழுக்கானா கழுவிக்கலாம் என்று. இப்போது சாயங்காலங்களில் அவரும் மனைவியும் அந்த வெள்ளைக் காரில் எங்காவது போய்க்கொண்டே இருக்கிறார்கள். விற்கும் பேச்சே இல்லை.

பள்ளி விடுமுறை வந்ததும் டீச்சர் அண்ணனையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினாள். நாலு மணி நேர ஓட்டம். ஒரு தப்பான திருப்பம், அதனால் ஒரு அரை மணி நேரம் வீண், மற்றபடி குறையில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் வந்தது சோதனை. இரண்டு வேன்களுக்கு நடுவில் ரிவர்ஸில் நிறுத்த வேண்டும். அண்ணன் இறங்கி, ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடி என்றார். அக்கா இறங்கி, வலதுபக்கம் என்றாள். ஐஸ் விற்கிறவர் இருவரையும் தள்ளிவிட்டு, நேராக வாங்கம்மா என்றார். டீச்சர் ஒன்பது முறை முன்னே போய்ப் பின்னே வந்தாள். நாலாவது முறையிலிருந்து பக்கத்து வேன் குடும்பமும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. ஒன்பதாவதில் வண்டி உள்ளே வந்து சற்றே கோணலாக நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் இறங்கிக் கதவைப் பூட்டி, ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஐஸ் விற்கிறவரிடம் நாலு ஐஸ் கேட்டாள். நாலாவது அவருக்கு.