டெல்பர்ட்டின் சீரகப் பொட்டலம்

"இதை ஃப்ரீசர்ல வைக்கலாமா?" என்று டெல்பர்ட் கேட்டாயிற்று. ஜோலீன் இன்னும் வெங்காயத்தைக்கூட உரிக்கவில்லை.

"இதை மட்டும் வேண்டாம், டெல்பர்ட். இதுல உருளைக்கிழங்கு இருக்கு. உறைஞ்சு உருகினா பஞ்சு மாதிரி ஆயிடும்."

டெல்பர்ட் நோட்டில் 'பஞ்சு' என்று எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கூட்டுறவு மளிகைக் கடையின் பின்பக்கத்தில், பால் அலமாரிக்கும் நாய்த் தீனி மூட்டைகளுக்கும் நடுவே, ஒரு மடக்கு மேசை, ஒரு சின்ன ஓவன், எட்டு நாற்காலிகள். ஐந்து டாலர் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் ஜோலீன் சமையல் சொல்லிக்கொடுப்பாள். செய்ததைச் சாப்பிட்டுவிட்டும் போகலாம். முன்வரிசையில் நடு நாற்காலி டெல்பர்ட்டுடையது. அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லைதான். ஆனால் வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் வந்து நின்று இந்த வருஷத்துக் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அவர்கள் எழுந்திருக்கிற வரைக்கும் பேசுவார்.

சட்டைப் பையில் சொந்தக் கரண்டி ஒன்று இருக்கும். "கடையில குடுக்கிற மரக் கரண்டியில எதைத் தின்னாலும் மரம்தான் ருசிக்குது" என்பது அவர் கட்சி. முப்பத்தோரு வருஷம் மாவட்டத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். ஆகையால் உப்பு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

"எங்க எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியும், ஜோலீன். முப்பத்தோரு வருஷம் உப்பு போட்ட கை இது."

"அது ரோட்டுல பனி உருகறதுக்கு, டெல்பர்ட்."

மிளகு என்றால் ஆகாது. ஜோலீன் மிளகு டப்பாவைத் தொட்டாலே கைக்குட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனுஷருக்குச் சீரகம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அறுபத்தாறாவது வயதில், போன நவம்பரில், இந்த மடக்கு மேசைக்கு முன்னால்தான் தெரியவந்தது. வறுத்த வாசனை வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். அன்றே ஒரு சின்னப் பொட்டலம் வாங்கினார். அது இன்றைக்கும் கரண்டிக்குப் பக்கத்தில் அவர் பையில் இருக்கிறது. முடிவெட்டும் கடை, தபால் ஆபீஸ், பெட்ரோல் பங்க் என்று எங்கே போனாலும் எடுத்து நீட்டி, "மோந்து பாரு" என்பார். ஊரில் பாதிப் பேர் மோந்தாயிற்று.

நீட்டியும் மோந்து பார்க்காத ஒரே ஆள் அவர் மனைவி ஆர்டிஸ். இத்தனைக்கும் வகுப்பில் சேர்த்துவிட்டதே அந்த அம்மாள்தான். புருஷன் சமையல் கற்றுக்கொள்ளட்டும் என்றா? வாரத்தில் ஒரு காலையாவது வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்று. "அங்க கத்துக்கறதை அங்கயே வெச்சிட்டு வா. என் அடுப்புப் பக்கம் கொண்டுவராதே" என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார்.

அவர்கள் வீட்டுக் கராஜில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு ஃப்ரீசர் பெட்டி. அதற்குள் போகிற ஒவ்வொன்றின் மேலும் ஆர்டிஸ் காகித டேப் ஒட்டி, யார் செய்தது, என்ன, எந்தத் தேதி என்று எழுதுவார். 'ஆர்டிஸ், சிக்கன் சூப்.' 'ஈலெய்ன், பூசணி பை.' ஈலெய்ன் ஆர்டிஸின் தங்கை; பை என்பது மாவுத் தட்டில் பூசணி விழுதை வைத்துச் சுடுகிற இனிப்பு. தேறினால்தான் உள்ளே இடம். தேறாதது நாய்க்கு. நாற்பத்து நாலு வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் டெல்பர்ட் பெயர் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர் பிடித்து வருகிற மீனுக்குக்கூட வெறும் 'மீன்' என்றுதான் டேப். மீனை அவரா செய்தார்?

இப்போது புரிகிறதல்லவா, மனுஷர் வாராவாரம் அந்த ஃப்ரீசர் கேள்வியை ஏன் கேட்கிறார் என்று. வகுப்பில் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டுப் பதிலை நோட்டில் எழுதிக்கொள்வார்.

பிப்ரவரியில் சர்ச் நிலவறையில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. காபி போடுகிற பொறுப்பு ஆர்டிஸுடையது. அதற்காக ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே தன் பதார்த்தத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். கார் முனை திரும்பியதும் டெல்பர்ட் அடுப்படிக்குள் நுழைந்தார். அவர் தப்பில்லாமல் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். உருளைக்கிழங்கும் வெங்காயமும் முட்டையும் சேர்த்து ஓவனில் வேகவைத்துத் துண்டு போடுகிற அந்தப் பஞ்சுப் பதார்த்தம். சீரகத்தைத் தாராளமாகவே போட்டார். பாத்திரத்தைத் தன் பிக்கப் வண்டியின் முன் சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, பதினைந்து மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார்.

அவசரத்தில் செய்த ஒரே தப்பு, எடுத்தது ஆர்டிஸின் பாத்திரம். இந்த ஊரில் விருந்துக்குப் போகிற பாத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் பெயர் ஒட்டியிருக்கும். சர்ச் சமையலறையை ஆளுகிற லோர்னா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன ஆர்டிஸ், இந்தத் தடவை ரெண்டு பாத்திரமா?"

காபிக் கெட்டிலோடு நின்ற ஆர்டிஸ் பாத்திரத்தைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். புருஷன் கூரையைப் பார்த்தார். லோர்னா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"வித்தியாசமா இருக்கு, ஆர்டிஸ்."

இந்த ஊர்க்காரர்கள் வாய்விட்டு யாரையும் புகழ மாட்டார்கள், வையவும் மாட்டார்கள். 'மோசமில்ல' என்றால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று அர்த்தம். 'வித்தியாசமா இருக்கு' என்றால் அதோடு மானம் போயிற்று. ஆர்டிஸின் கைப்பக்குவத்தை அப்படிச் சொல்ல இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் வாய் வந்ததில்லை.

டெல்பர்ட் பேசாமல் இருந்திருக்கலாம். ஆர்டிஸைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எழுந்து நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தது.

"அது அவ பண்ணலை. நான் பண்ணது. அதுல இருக்கறது சீரகம்." நம்ப மாட்டார்களோ என்று பொட்டலத்தை வேறு எடுத்துக் காட்டினார்.

அவ்வளவுதான், டெல்பர்ட் சமைத்தாராம் என்று ஒவ்வொருத்தராக வந்து வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். பாதிரியார் இரண்டாம் முறையும் வந்தார். லோர்னாவே, "சூடு ஆறினதும் மோசமில்ல" என்று இறங்கி வந்தாள். ஆர்டிஸ் மட்டும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்க் காபி மேசைப் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார். டெல்பர்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான். பாவம், மனுஷர் தன் தட்டில் இருந்ததைத் தொடவே இல்லை.

கடைசித் துண்டை எடுப்பது இங்கே மரியாதை இல்லை. பாதி வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும். அடுத்தவர் அதிலும் பாதி. தீப்பெட்டி அளவுக்கு வந்து அது அப்படியே கிடந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆர்டிஸ் வந்து அதை முழுசாக எடுத்து அலுமினியத் தாளில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாய்க்குத்தான் என்று டெல்பர்ட் முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் தானே போய் நாயைக் கூப்பிட்டார். ஆர்டிஸ் நாயைத் தாண்டிக் கராஜுக்குள் போனார்.

"உருளைக்கிழங்கு பஞ்சாயிடும்னு ஜோலீன் சொன்னா" என்றார் டெல்பர்ட், வாசலிலேயே நின்று.

"தெரியும்" என்றார் ஆர்டிஸ். டேப்பைக் கிழித்து அந்தத் தீப்பெட்டிப் பொட்டலத்தின் மேல் ஒட்டி, 'டெல்பர்ட், முட்டை' என்று எழுதித் தேதியும் போட்டார். பிறகு ஃப்ரீசரைத் திறந்து, ஈலெய்னின் பூசணி பையை ஓரமாகத் தள்ளினார்.